திறக்காதே என்று சொன்ன பெட்டி

தெருவில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். தொழில் என்னவோ தையல்தான். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் திரைச்சீலையின் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்க்காமல் உட்கார மாட்டாள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. "இது பிரிஞ்சிடும், கொண்டாங்க, நான் அடிச்சுத் தர்றேன்" என்பாள். கெட்ட மனசு கிடையாது. கைதான் சும்மா இருக்காது.

அவள் வீட்டுப் பின்பக்கம் இரண்டு தேனீப் பெட்டிகள் இருந்தன. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் வீடு. அங்கே ஒரே ஒரு பெட்டி. மகளுக்குப் பிரசவ நேரம் என்று வெளியூர் கிளம்பிய நாத்தனார், வாசல் சாவியை அவள் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பெட்டியில குட்டிக் கறுப்பு வண்டு கொஞ்சம் நுழைஞ்சிருக்கு. பயப்படாத. தேனீங்களே அதுங்கள மூலையில தள்ளி, சுத்தி நின்னு காவல் காக்கும். அடித்தட்டுல எண்ணெய மட்டும் மாத்து, விழற வண்டு அதுல செத்துப்போகும். மூடியத் தொறக்காத. தொறந்தா காவல் கலைஞ்சிடும். உன்ன நம்பித்தான் போறேன்."

"நான் இருக்கேன்ல அண்ணி, நிம்மதியா போயிட்டு வாங்க" என்று தலையை ஆட்டினாள்.

ஆட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாளே கை அரித்தது. ஒரு தடவை பார்த்தால் என்ன குடியா முழுகிவிடும்? மூடியைத் தூக்கினாள். மூலையில் வண்டுகள், அவற்றை நகரவிடாமல் முட்டிக்கொண்டு தேனீக்கள். பொறுக்குமா அவளுக்கு? கீழே சிந்திய குண்டூசிகளைப் பொறுக்குகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகப் பிடித்து நசுக்கினாள். நாலு செத்தன. மிச்சமெல்லாம் அடை கட்டிய மரச் சட்டங்களுக்கு நடுவே ஓடி ஒளிந்தன. "ஓடுறீங்களா? நாளைக்கு வச்சுக்கறேன்" என்று சவால் வேறு. தினமும் திறந்தாள். திறக்கத் திறக்கக் காவல் கலைந்தது; தப்பிய வண்டெல்லாம் அடைக்குள் புகுந்து முட்டையிட்டது.

நாத்தனார் போனில் கேட்கும்போதெல்லாம், "ஜம்முனு இருக்கு அண்ணி" என்றாள். முதலில் அது பொய்யென்று அவளுக்கே தெரியாது. பிறகு ஒருநாள் சுவரைத் தாண்டும் முன்பே அழுகிய ஆரஞ்சு நாற்றம் அடித்தது. தேன் நுரைத்துப் பெட்டி வாசல் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே அடை முழுக்க வெள்ளைப் புழு நெளிந்தது. மருந்துக்குக்கூட ஒரு தேனீ இல்லை. கூண்டோடு கிளம்பிப் போய்விட்டன. ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று மாலையே போன் வந்தது. பேத்தி பிறந்து நல்லபடியாக இருக்கிறாளாம், நாத்தனார் நாளைக் காலை திரும்பி வருகிறாளாம், பெட்டி எப்படி இருக்கிறதாம். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன வாய், "ஜம்முனு இருக்கு அண்ணி" என்றது.

இருட்டத் தொடங்கி, தேனீக்கள் அடங்கியதும், தன் பெட்டிகளில் ஒன்றின் வாசலை அடைத்து, புருஷனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித் தூக்கிக்கொண்டுபோய் நாத்தனாரின் பெட்டி இருந்த இடத்தில் வைத்து, வாசலைத் திறந்துவிட்டாள். புழுத்த பெட்டி குளியலறைக்குப் பின்னால், சாக்குக்கு அடியில் போனது.

"அக்காகிட்ட சொல்லிடேன்" என்றான் புருஷன்.

"உங்க வேலையப் பாருங்க" என்றாள்.

காலையில் வந்த நாத்தனார் பையை இறக்கிவிட்டு நேரே பின்பக்கம் போனாள். வாசலில் தேனீக்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அங்க வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். என் தம்பி பொண்டாட்டி இருக்கா, எனக்கென்ன கவலைன்னு."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியே நிலத்துக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம், பெட்டியைத் தூக்கிய பிறகு வெறுமையாக நின்ற ஸ்டாண்டுக்கு மேல், தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வெளியே போகும் தேனீக்கு வீடு என்பது பெட்டி இல்லை, பெட்டி இருந்த இடம். காலையில் பறந்து போனவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து, வீட்டைக் காணாமல் தவித்தன. இது அவளுக்குத் தெரியாததா? பதற்றத்தில் புத்தி புல் மேயப் போயிருந்தது.

நாத்தனார் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள், இந்தப் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"இது யாரு பெட்டி?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "என்னோடது அண்ணி. உங்களோடது போயிடுச்சு. தினமும் தொறந்தேன்."

"நேத்து போன்ல சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

திட்டட்டும் என்று நின்றாள். திட்டினால் அழுதாவது தீர்க்கலாம். நாத்தனார் திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துவந்தாள்.

"புழுவெல்லாம் மண்ணுக்குள்ள போயிருக்கும். வண்டா வெளிய வந்தா உன் பெட்டிக்கும் ஆபத்து. சுத்திக் கொத்தி வெயில் படவிடணும். சாயங்காலம் இதைப் பழைய இடத்துலயே கொண்டுபோய் வச்சிடு. பாவம், அதுங்க என்ன பண்ணுச்சு?"

இருவரும் மாறி மாறிக் கொத்தினார்கள். முடிந்ததும் அவள் சாவியை எடுத்து நீட்டினாள். நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. நாத்தனார் வாங்கவில்லை.

"வச்சுக்க. அடுத்த மாசம் பேத்தியப் பார்க்க மறுபடியும் போகணும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவள், குழாயடியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

"இந்தத் தடவ தொறக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே."