இரும்பு மூடிக்குக் கீழே

அப்போது கொரட்டூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். கழிப்பறைச் சுவரில், தலைக்கு மேலே, சங்கிலி தொங்கும் இரும்பு ஃப்ளஷ் டேங்க் ஒன்று இருந்தது. போர் தண்ணீரின் உப்பு படிந்து அதன் வால்வு மூடாமல் போய்விட்டது. தண்ணீர் ஏறுவதும் வழிவதுமாக நாளெல்லாம் ஒரே உறுமல்.

என் மகளுக்கு மூன்றரை வயது. அந்த உறுமலுக்குப் பயந்து முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் சிறுநீர் கழிக்கவில்லை. குளியலறை, மொட்டை மாடி, கீழ்வீடு என்று தூக்கிக்கொண்டு அலைந்தேன். எங்கே உட்கார வைத்தாலும், "அது வந்துடும்மா" என்று காலை இறுக்கிக்கொண்டாள். அடிவயிறு கல்லாக இருந்தது. மத்தியானத்துக்குள் போகாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டியூப் போட வேண்டும் என்றார், காலையில் போய்க் காட்டிய டாக்டர். கணவர் காலை ஷிஃப்டுக்கு ஆவடி போயிருந்தார்.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரயில்வே கேட் அருகே வேலையாக இருந்த பிளம்பரிடம் ஓடினேன்.

"கத்திகினுதானேக்கா கீது, கத்தட்டும் வுடு. அவனவன் ஊட்ல தண்ணியே வர்ல."

"குழந்தைக்கு நீர் பிரியலப்பா."

அவர் குழந்தையைப் பார்த்தார். "இந்த வேலைய இப்டியே வுட்டுட்டு வர முடியாதுக்கா. மூடியத் தொறந்தா உள்ள பந்து ஒண்ணு மெதக்கும். அத்த மேல தூக்கிக் கட்டு, நின்னுடும்."

அவளைக் கூடத்தில் விட்டுவிட்டு ஸ்டூலில் ஏறினேன். மூடி அம்மிக்கல் கனம். கீழே இறக்கத் தெம்பில்லை. பாதி வெளியே நீட்டியிருக்கும்படி டேங்கின் மேலேயே நகர்த்திவைத்தேன். உள்ளே கைவிட்டு, பந்து இருந்த கம்பியைத் தூக்கிப் பாவாடை நாடாவால் மேல் குழாயோடு இழுத்துக் கட்டினேன். உறுமல் நின்றது.

நாடாவை முடிந்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் உள்ளே வந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கவுனைத் தூக்கிக்கொண்டு, ஸ்டூலை ஒட்டி, நீட்டிக்கொண்டிருந்த மூடிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். மூடி மெல்லச் சாய்ந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் அடியில் தாங்கிக்கொண்டேன்.

முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. என் முழங்கை நடுங்க, துருத்தூள் அவள் தலைமுடியில் உதிர்ந்தது. மூடியை உள்ளே தள்ளினால் இரும்பு உராய்ந்து சத்தம் போடும். கூப்பிட்டாலும் பயந்து அடக்கிக்கொள்வாள். அப்புறம் ஆஸ்பத்திரிதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

அவள் எழுந்து ஈரக் காலோடு கூடத்துக்கு ஓடிய பிறகுதான் மூடியை உள்ளே தள்ளினேன். இறங்கும்போது ஸ்டூல் எது, தரை எது என்று தெரியவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவர் வாசலிலேயே கேட்டார். "போனாளா?"

"போனா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாடா கட்டியதைச் சொன்னேன், சிரித்தார். மூடியைப் பற்றிச் சொல்லவில்லை. கை வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளை எழுந்துபோகச் சொல்லாமல் இருந்தேன். இன்றுவரை அதை அவரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.