வெறும் ஆணி

புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களை அரசாங்கம் ஒவ்வொன்றாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். எங்களுக்கும் எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்றார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. "கைவிட மாட்டேன்னு ஆண்டவர் சொல்லியிருக்காரு. நாம எங்கயும் போக மாட்டோம்" என்பார். அந்த உறுதியே எனக்கு எரிச்சலாக இருந்தது. செய்தி பஸ்ஸில்தான் வரும் என்பதால், ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவிடுவேன்.

ஒரு நாள் மலையில் கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய அம்மா, சுவரிலிருந்த இயேசுவின் படத்தைக் கழற்றி, தன் கல்யாணச் சேலையில் சுற்றி, தகரப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். சாயங்காலம் செபமாலை சொல்ல வந்த அப்பாவின் கண்ணில் வெறும் ஆணிதான் பட்டது.

"சாமியவே மூட்ட கட்டிட்டியா? அவரு மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

அம்மா பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: "நம்ம கூடவே இருப்பேன்னுதானே சொன்னாரு. இங்கயே வச்சிருப்பேன்னு எப்ப சொன்னாரு?"

அப்பா அங்குமிங்கும் நடந்தார். பிறகு பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று செபமாலையைத் தொடங்கினார். நடுவில் ரோட்டில் பஸ் நின்றது. முதல் தடவையாக அப்பாவும் வாசலைத் திரும்பிப் பார்த்தார். செபத்தை மட்டும் நிறுத்தவில்லை.