இருபத்தேழாம் ஆணி

என் மனைவியைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குமிழி அக்கா என்றால்தான் தெரியும். நில அளவை ஆபீஸில் கோல் பிடிக்கிற வேலை அவளுக்கு. தெரு நெடுக சிமென்ட்டில் பதித்த இருபத்தேழு இரும்பு ஆணிகள் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் அளவுகோலை நிறுத்தி, கோலில் இருக்கிற வட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை அசையமாட்டாள். தூரத்திலிருந்து கருவி வழியாக சர்வேயர் எண்ணைப் படித்து எழுதிக்கொள்வார். வீட்டிலும் அதே புத்திதான். காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

நான் சுரங்கத்தில் கரி வெட்டுகிறவன். நான் கீழே வெட்டியதில் மேலே நிலம் எவ்வளவு இறங்கியது என்று அளக்கிறவள் அவள். புருஷன் செய்த காரியத்தை மில்லிமீட்டர் பிசகாமல் துருவுகிற பெண்டாட்டி வேறு யாருக்காவது வாய்த்திருக்கிறாளா, தெரியவில்லை.

போன வருஷம் எங்கள் தெருவுக்கு அடியிலேயே கரியின் முதல் அடுக்கை எடுத்து முடித்தோம். அதற்கும் கீழே இரண்டாம் அடுக்கு. தெரு அசையவில்லை என்று அளவை ஆபீஸ் எழுதிக் கொடுத்தால் அதையும் வெட்டலாம். திங்கட்கிழமை கூட்டத்தில் முடிவு. முப்பத்திரண்டு வீடுகள், எங்கள் வீடும் சேர்த்து, அந்த ஒரு காகிதத்தின் மேல் நின்றன.

தெரு முனையில் பம்ப் ஹவுஸ் ஓரத்தில் ஓர் ஆதாரக் கல் இருக்கிறது. எல்லா ஆணிகளின் உயரமும் அந்தக் கல்லிலிருந்துதான் பார்ப்பார்கள். இந்த முறை இருபத்தாறு ஆணிகளில் மாற்றமே இல்லை. கடைசி வீட்டைத் தாண்டி, பொதுக் கிணற்றுக்கு அப்பால் இருக்கிற இருபத்தேழாவது மட்டும் ஒன்பது சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது.

"ஆணி மேல வைக்காம பக்கத்துல ஏதோ கல்லு மேல வச்சிருப்பீங்கம்மா" என்று சர்வேயர் சிரித்திருக்கிறார். இன்னொரு தடவை படித்துப் பார்க்க அவருக்குச் சோம்பல். நோட்டில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, 'கோல் பிடித்தவர் தவறு' என்று எழுதிவிட்டார். பதினோரு வருஷமாகக் குமிழியை நடுவில் நிறுத்தியவளுக்கு அந்த மூன்று வார்த்தை. கேட்டபோது எனக்கே ரத்தம் கொதித்தது.

அவள் கொதிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, கீழ கரியை எடுத்தா மேல மண்ணு ஏறுமா?"

"எங்கயாவது ஏறுமா? இறங்கத்தான் செய்யும்."

"அப்ப இருபத்தேழு ஏறலை. அது மட்டும்தான் இருந்த இடத்துல இருக்கு. மத்த இருபத்தாறும் இறங்கிடுச்சு, அந்தக் கல்லையும் சேர்த்து."

அளக்கிற கல்லும் கூடவே இறங்கினால் வித்தியாசம் எப்படித் தெரியும்?

"கிணத்துத் தண்ணியும் அதைத்தான் சொல்லுது" என்றாள். மாதாமாதம் கிணற்றில் தண்ணீர் எடுத்து உப்பு மீட்டர் வைப்பதும் அவள்தான். அறுநூறு காட்டிய இடத்தில் இப்போது ஆயிரத்து நூறு காட்டுகிறதாம். "இறங்கின நிலமும் இறங்காத நிலமும் சேர்ற இடம் அது. அங்கதான் விரிசல் விட்டு, அடியில இருக்கிற உப்புத் தண்ணி கலந்திருக்கணும்."

மறுநாள் சனிக்கிழமை, இருவரும் சர்வேயர் முன்னால் போய் நின்றோம். மூன்று கிலோமீட்டர் தள்ளி, கரியே இல்லாத பக்கம் ரயில் பாலம் இருக்கிறது. அதன் கால் பாறையில் நிற்கிறது. அங்கிருந்து அளந்து வரச் சொன்னாள்.

"தப்பா இருந்தா?" என்றார் சர்வேயர்.

"கோலை உங்ககிட்டயே கொடுத்துட்டுப் போயிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அவள் கையில் கோல், அவர் கருவிக்குப் பின்னால். வெயில் பட்டால் கருவி ஏமாற்றுமாம். அதற்குக் குடை பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. நான் காய்ந்து கருவாடானேன், கருவி நிழலில் சொகுசாக இருந்தது. பாலத்திலிருந்து தெருவுக்கு, திரும்பத் தெருவிலிருந்து பாலத்துக்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் குமிழியை மட்டும் பார்த்தாள்.

சாயங்காலம் பாலத்தடியில் உட்கார்ந்து சர்வேயர் கூட்டிக் கழித்தார். போனதற்கும் வந்ததற்கும் நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அளவு சுத்தம். மறுபடி முதலிலிருந்து கூட்டினார். அப்புறம் தொப்பியைக் கழற்றினார்.

"கல்லு ஒன்பது சென்டிமீட்டர் இறங்கியிருக்கு, குமிழி அக்கா. இருபத்தேழு அசையவே இல்ல."

அவர் அவளை அக்கா என்றது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை கூட்டத்தில் அந்த மனுஷன் ஒன்றையும் மறைக்கவில்லை. நோட்டைத் திறந்து, தன் சிவப்புக் கோட்டை எல்லாருக்கும் காட்டி, "தப்பு என்னுது" என்றார். இரண்டாம் அடுக்கைத் தொடக்கூடாது என்று முடிவாயிற்று. தெருவுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் தரவும் உத்தரவு வந்தது. 'கோல் பிடித்தவர் தவறு' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'சரி' என்று எழுதி, பேனாவை அவளிடம் நீட்டினார். கோல் பிடிக்கிறவர் கையெழுத்துப் போட நோட்டில் இடமே கிடையாது. ஓரத்தில் போட்டாள், கோடு போட்ட மாதிரி நேராக.

என்னை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். சுரங்கத்துக்குள் தினமும் அரை மணி கூடுதல் நடை. கால் வலிக்கிறது என்று சொல்ல வீட்டில் வாய் வருமா? முப்பத்திரண்டு வீட்டுக்கு அடியில் அந்த இரண்டாம் அடுக்கு அப்படியே கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் மலை மலையாகக் கரி வெட்டியிருக்கிறேன். ஆனால் மீசையை முறுக்கத் தோன்றுவது, என் பெண்டாட்டி என்னை வெட்டவிடாமல் செய்த அந்தக் கரியை நினைக்கும்போதுதான்.