பந்தைச் சுழற்றிப் பார்த்தவர்

ஈப்போவில், உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் பந்துக்கு விரல்துளை போட்டுக் கொடுக்கும் ஓர் அக்காவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். கமுந்திங் ஊரிலிருக்கும் எங்கள் தொழிற்சாலையின் பௌலிங் அணியில் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஆள் கிடைக்காததுதான் காரணம்.

அக்காவுக்கு ஒல்லியான உருவம். புருவத்தில்கூடப் பந்தைத் துளைத்த தூள். "எப்படி வீசுவீங்க அண்ணே?" என்று கேட்டார்.

"நல்ல வேகம். கையையும் நல்லாச் சுழட்டுவேன்" என்றேன்.

துளை போட்ட பந்தை ஒரு சின்ன இயந்திரத்தில் சுழலவிட்டார். அது நிற்கும்வரை யார் பேசினாலும் கையை உயர்த்தி அடக்கிவிடுவார். எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று அளந்தபின், பந்து ஓடப்போகும் வழியைத் தாளில் வரைந்தார். கோடு கடைசியில் அழகாக இடப்பக்கம் வளைந்தது.

போட்டியில் என் பந்து வளையவே இல்லை. அணி தோற்றது. மறுநாளே போய், "அளவு தப்பு போலிருக்கு அக்கா" என்றேன்.

"பந்து சரியாதான் இருக்கு லா. நீங்க சொன்ன ஆளுக்குத்தான் போட்டேன். அவர நான் இன்னும் பாக்கலையே. ஒரு தடவ வீசிக் காட்டுங்க."

கடையை ஒட்டிய ஆட்டத் தடத்தில் வீசினேன். பாதி வழியிலேயே பந்து ஓரப் பள்ளத்தில் இறங்கியது.

பழைய துளைகளை அடைத்து, இரண்டு நாள் கழித்து வேறிடத்தில் போட்டு, மறுபடியும் சுழற்றி அளந்து, புதுக் கோடு வரைந்து கொடுத்தார். வளைவு மிகச் சிறியது. பந்து அப்படியே ஓடி ஆறு கட்டைகளைச் சாய்த்தது.

அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தப்பித்திருப்பேன்.