வலை என் தலையில் இருந்தது

என் கண்முன்னாலேயே என் கணவரின் முகம் வீங்கியது. முதலில் உதடு, பிறகு கண்கள். "மூச்சு விட முடியல ஸ்டெல்லா" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. சென்ற தவக்காலம் தொடங்கிய வாரம், சனிக்கிழமை காலை, நத்தம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் நடந்தது இது. அவரைத் தேனீக்கள் கொட்டியிருந்தன. அந்தத் தேனீக்கள் நான் வளர்த்தவை.

அன்பானவர்களே, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற நம் அன்பியக் கூட்டத்தில் இதைச் சொல்லச் சொல்லிப் பலமுறை கேட்டீர்கள். நான் நழுவிக்கொண்டே இருந்தேன். ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு என்ன நடக்கும் என்பது இன்றைக்கே தெரிந்துவிடுகிற வேலை. ஒருமுறை தோழி கூப்பிட்டாள் என்று தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போனேன். பெட்டியைத் திறந்ததும் எழுந்த அந்த வாசமும் இரைச்சலும் என்னைப் பிடித்துக்கொண்டன. மில்லை விட்டேன். மா பூத்தால் நத்தம், முருங்கை பூத்தால் ஒட்டன்சத்திரம் என்று பூவைத் தேடிப் பெட்டிகளோடு அலைகிற தொழில். ஒரு தோப்பில் தேன் நிறையும். இன்னொரு தோப்பில் தேனீக்களே பெட்டியை விட்டு ஓடிவிடும். முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

என் கணவர் சேவியருக்குப் பிடிக்கவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவர். தினமும் ஒரே வழி. "தெரியாத தொழில்ல போயி எதுக்கும்மா?" என்றார்.

"வழி தெரியாமக் கிளம்புறதுதாங்க விசுவாசம்" என்று அவர் வாயை அடைத்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு தேனீ அவர் கையில் கொட்டியது. உடம்பெல்லாம் தடித்துப்போனது. "ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிருவமா?" என்று கேட்டார். "பழகுனா சரியாப் போயிரும். எனக்கும் ஆரம்பத்துல வீங்குச்சுல்ல" என்றேன். எனக்கு வீங்கியது கொட்டின இடத்தில் மட்டும். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். பெட்டி தூக்க எனக்கு ஆள் வேண்டியிருந்தது.

பெட்டிகளை வேறு தோப்புக்கு மாற்றுவதென்றால், விடிந்து தேனீக்கள் வெளியே கிளம்புமுன் பெட்டியின் வாசலை அடைத்து வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அன்று போய்ச் சேரவே வெயில் ஏறிவிட்டது. இன்னொரு நாள் வரலாம் என்றார் அவர். நான்தான் கேட்கவில்லை. முகத்துக்குப் போடுகிற வலை ஒன்றுதான் இருந்தது. "நீ போட்டுக்க" என்றார். போட்டுக்கொண்டேன். பெட்டி அவர் கையிலிருந்து நழுவி உடைந்தபோது அந்த வலை என் தலையில் இருந்தது.

தோப்புக்காரர் பாண்டியம்மா சத்தம் கேட்டு ஓடிவந்தார். கூடவே அவர் மகள் செல்வி. மதுரையில் நர்ஸாக இருக்கிறவள். லீவு முடிந்து அன்று காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பியிருக்க வேண்டியவள். எப்போதும் தப்பாமல் வருகிற அந்த பஸ் அன்று வரவில்லை.

நான் அவரை உட்கார வைக்கப் பார்த்தேன். "உக்கார வைக்காதீங்கக்கா! படுக்க வச்சு காலத் தூக்குங்க" என்றாள் செல்வி.

"திண்டுக்கல்லு பெரியாஸ்பத்திரிக்கே போயிருவோம்" என்று கதறினேன்.

"அம்புட்டுத் தூரம் தாங்காதுக்கா. பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விடச் சொல்லுங்க. ஊசி எடுத்து வைக்கச் சொல்லி நான் போன் போடுறேன்."

பெட்டி ஏற்ற வந்திருந்த லோடு வண்டியின் பின்னால் அவரைக் கிடத்தினோம். செல்வி அவர் கால்களைத் தன் மடியில் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். "அழுகாத தாயி, ஒஞ் சாமியக் கூப்பிடு" என்றார் பாண்டியம்மா.

கூப்பிட்டேன். முதலில் பேரம்தான் பேசினேன். "ஆண்டவரே, இவரைக் காப்பாற்றும். தேனீயே வேண்டாம், மில்லுக்கே திரும்பிப் போய்விடுகிறேன்" என்றேன். அவர் விரல்கள் சில்லிட்டுக்கொண்டே வந்தன. பேரமும் வாயில் நிற்கவில்லை. அழகழகாக ஜெபம் சொல்லிப் பழகிய எனக்கு, "தெரியலப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியல. நீர் பாத்துக்கிரும்" என்பது மட்டும்தான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வாசலிலேயே ஊசியோடு நின்றிருந்தார்கள். போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இன்னும் செத்த நேரம் ஆகியிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். செல்வி என் தோளைத் தட்டிவிட்டு, தன் பஸ்ஸைப் பற்றி விசாரிக்கப் போய்விட்டாள். நான் சுவரோரம் முழந்தாளிட்டேன். நன்றி சொல்ல நினைத்தேன். "மன்னியும்" என்றுதான் வந்தது.

அவரைத் திண்டுக்கல்லுக்கு மாற்றிக் கண்காணிப்பில் வைத்தார்கள். நன்றாகத் தெளிந்த பிறகு, "பொட்டியெல்லாம் என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

"வித்துரலாங்க. எல்லாம் என்னாலதான்."

"எனக்குத்தான ஒத்துக்கல? ஒனக்கு ஒத்துக்குதுல்ல?"

"நீங்க அன்னைக்கு ஆஸ்பத்திரி போவமான்னு கேட்டீங்க. நான்தான்..."

"கேட்டேன். நீ காதுல வாங்கல." கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. பிறகு, "இனிமே வாங்கிக்க. தேனீய விட வேணாம்" என்றார்.

வழி தெரியாமல் கிளம்புவது விசுவாசம் என்று அவரிடமே போதித்தவள் நான். ஆனால் தெரிந்த ஆபத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி மன்னிப்புப் பெற்றேன். இருந்தும் சில நாள் அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறேன்.

இப்போதும் பூவைத் தேடிப் போகிறேன். ஆனால் உடன் வருகிற எல்லோருக்கும் வலை உண்டு. முன்பு கொட்டி உடம்பு தடித்திருக்கிறதா என்று கேட்காமல் யாரையும் பெட்டியருகே விடுவதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே என்று முதலில் விசாரிக்கிறேன். என் கணவர் என்னை ரோட்டோரம் இறக்கிவிட்டு, "பாத்துப் போ" என்று வேனைத் திருப்பிக்கொள்வார்.

அடுத்த வாரம் ஒட்டன்சத்திரம் பக்கம் புது முருங்கைத் தோட்டத்துக்குப் போகிறேன். பூ நிற்குமா, மழை கெடுக்குமா, தெரியாது. உங்களிலும் யாராவது இப்படித் தெரியாத ஒன்றின் வாசலில் தயங்கி நிற்கலாம். என்னைப் போலத் தப்புச் செய்துவிட்டு, ஆண்டவர் முகத்தைப் பார்க்கக் கூசியும் நிற்கலாம். அவரிடம் போங்கள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். வேறு வார்த்தை எதுவும் இல்லாமல் போன என் ஜெபத்தையே அவர் கேட்டருளினார்.