ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பிரசவம்

அமெரிக்கா தனி நாடான புதிதில், டெலவேர் ஆற்றங்கரைக் கிராமங்களில் பிரசவம் பார்த்த ஒரு மருத்துவச்சியைப் பற்றி மூன்று ஆண்டுகளாக நாவல் எழுதிவருகிறேன். அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே வாசகி என் மனைவி. ஆற்றில் பனி உடையும் வாரம், சோளம் விதைக்கும் மாதம் எல்லாவற்றையும் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டே எழுதினேன். ஆறு அத்தியாயங்களை அவள் குறை சொல்லாமல் படித்தாள்.

ஏழாவதில்தான் முதல் பிரசவம். மருத்துவச்சி பனியில் குதிரையேறி வருகிறாள், வலி கண்டவளின் கணவன் மாவு அரைக்கப் போயிருக்கிறான், குழந்தை பிறக்கிறது. ஒரு ஞாயிறு காலை படித்து முடித்தவள் தாள்களை மேசையில் வைத்தாள்.

"வலி வந்தவ ஒரு வார்த்தைகூட பேசலையே."

அந்தக் காலத்துக் குறிப்புகளில் மருத்துவச்சி வந்த நேரமும் குழந்தை பிறந்த நேரமும்தான் கிடைக்கின்றன என்று விளக்கினேன்.

"உங்க டைரியிலயும் அவ்வளவுதான இருக்கு," என்றாள். இந்தப் பிரசவத்தைத் தாண்டி இனி படிக்கப்போவதில்லை என்றும் சொன்னாள்.

எங்கள் மகள் மூன்று வாரம் முந்திப் பிறந்தவள். அப்போது நான் ஒரு ப்ராஜெக்டுக்காக டெக்சாஸில், ஆலனில் தங்கியிருந்தேன். பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். பகல் 11.40, பெண் குழந்தை, இருவரும் நலம். அந்த நேரத்தை வைத்துத்தான் மதுரையில் ஜாதகம் எழுதினார்கள்.

"பொறந்தது பன்னெண்டு இருபது," என்றாள். "நீங்க எழுதினது போன் வந்த நேரம். அதுவும் டெக்சாஸ் டைம், இங்கத்தைவிட ஒரு மணி நேரம் பின்னாடி."

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு இருபதுதான். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கதான் எழுதியே முடிச்சிட்டீங்களே. என்னை எங்க கேட்டீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

நறுக்கிக்கொண்டே சொன்னாள். பக்கத்து அபார்ட்மென்ட் ஆண்ட்டிதான் காரில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். இவள் வெந்நீர் கேட்டதற்கு ஒரு கப் நிறைய ஐஸ் துண்டுகள் கொடுத்திருக்கிறார்கள். வலியில் "அம்மா, அம்மா" என்று கத்த, பிரசவம் பார்த்த மிட்வைஃப் வெளியே போய் அம்மாவைத் தேடியிருக்கிறாள். அங்கே இருந்தது ஆண்ட்டி. அவரையே உள்ளே கூட்டிவந்து கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாளாம்.

"உங்களையும் நாலு தடவ திட்டினேன்," என்றாள். "ஆண்ட்டிக்கு எல்லாம் தெரியும்."

அந்த அத்தியாயத்தை மாற்றி எழுத இரண்டு மாதம் ஆனது. இப்போது அந்தப் பெண் கத்துகிறாள், கணவனைத் திட்டுகிறாள், சூடாக ஏதாவது குடிக்கக் கேட்கிறாள். கணவன் மாலையில் மாவு மூட்டையோடு வருகிறான். குழந்தையைப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்கிறான்.

மனைவி அதை நின்றபடியே படித்தாள். ஓரிடத்தில் சிரித்தாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

"எட்டாவது எங்க?" என்றாள்.