மிச்சம் பிடித்த எட்டு மாத்திரைகள்

1942 ஜூலை 9, காலை ஆறு மணி பத்து நிமிடம். கொடைக்கானலில் மூடுபனியோடு தூறல். ஐந்து நாளாக நிமோனியாவில் கிடந்த என் மனைவிக்கு அப்போதுதான் காய்ச்சல் விட்டது. டாக்டர் கொடுத்த இருபத்து நான்கு சல்பா மாத்திரைகளில் பதினாறு கொடுத்திருந்தேன். யுத்த காலத்தில் அந்த மருந்து கிடைப்பது அரிது. அடுத்த காய்ச்சலுக்கு ஆகுமென்று மீதி எட்டையும் டப்பியில் போட்டு மூடினேன்.

"அடைகாத்துக் குஞ்சு பொரிக்கப் போறீங்களாக்கும்?" என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் மதியம் காய்ச்சல் நூற்று நான்கு. நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு தடவை மூச்சு வாங்கினாள். ஆளனுப்பி வரவழைத்த டாக்டர் டப்பியைத் திறந்து பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது கிருமியைக் கொல்ற விஷமில்லைங்க. பெருக விடாம நிறுத்தி வைக்கும், அம்புட்டுதான். நின்ன கிருமியை உடம்புதான் கொல்லணும், அதுக்கு நாள் வேணும். நீங்க பாதியில நிறுத்தினதும் அது மறுபடி பெருகிருச்சு."

பன்னிரண்டு நாள் அவள் மூச்சை எண்ணியபடியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டாள். இன்றும் அவள் கண்ணயர்ந்தால் என்னையறியாமல் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். அந்த எட்டு மாத்திரைகளை மிச்சம் பிடித்ததற்கு, டாக்டருக்கும் புது மருந்துக்குமாக நாற்பத்தேழு ரூபாய் ஆறணா ஆயிற்று.